கையைக் கடிக்காத கல்யாணம்: வீட்டாருக்குச் சில குறிப்புகள்

கல்யாணம் நிச்சயமானதும் முதலில் மண்டபம் பார்க்கிறோம், பிறகு நகைக்கடை, பிறகு ஜவுளிக்கடை. கையில் எவ்வளவு இருக்கிறது, எதுவரை போகலாம் என்ற பேச்சு கடைசியில்தான் வருகிறது. அதற்குள் பாதி இடங்களில் அட்வான்ஸ் கொடுத்தாகிவிடுகிறது. இந்த வரிசையை மாற்றினாலே செலவு கணிசமாகக் குறையும். வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டு மனதார வாழ்த்த வேண்டும். புது ஜோடி கடனில்லாமல் குடித்தனம் தொடங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் உதவாத செலவு எதுவானாலும் அதில் கை வைக்கலாம் என்பது என் கட்சி. தமிழ்நாட்டின் நடுத்தரக் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. எதற்கும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், இரு வீட்டுப் பெரியவர்களும் மணமக்களும் உட்கார்ந்து பணத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். கல்யாணம் பெண் வீட்டார் பொறுப்பு, வரவேற்பு மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு என்பது பல ஊர்களில் வழக்கம். இப்போது இரண்டும் ஒரே மண்டபத்தில்தான் நடக்கின்றன. மொத்தத்தையும் கூட்டி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வதே நியாயம். "சம்பந்தி, எங்க சக்தி இவ்வளவுதாங்க. மண்டபம், சாப்பாடு ரெண்டையும் பாதிப் பாதியா வச்சுக்கலாங்களா?" என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மணமக்கள் இருவரும் சம்பாதிப்பவர்கள் என்றால் அவர்கள் பங்கையும் இந்தப் பேச்சிலேயே முடிவு செய்யுங்கள். பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதி, இரு வீட்டிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. "நாங்க எதுவும் கேட்கலை, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யுறதைச் செய்யுங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் அங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். இத்தனை பவுன், இன்ன கார் என்று பேச்சு போனால் அந்தச் சம்பந்தத்தை விட்டுவிடுங்கள். பத்திரிகை அடித்தபின் நின்றுபோவதைவிட, இப்போது நிற்பது நல்லது. கேட்காமல் மனமுவந்து தரும் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். பெண்ணுக்குப் போடும் நகை பெண்ணின் சொத்து. பில்லும் அவள் பெயரிலேயே இருக்கட்டும்.

3. மொத்தத் தொகையை முடிவு செய்ததும் அதில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, தொடாமல் வையுங்கள். கடைசி வாரத்துச் செலவு எந்தப் பட்டியலிலும் வராது. வாடகை வேன், வெளியூர் உறவினருக்கு லாட்ஜ், நாதஸ்வரக்காரருக்கு வேட்டி துண்டு, அவசரத்துக்கு மெழுகுவர்த்தியும் பேட்டரியும் என்று போய்க்கொண்டே இருக்கும். கல்யாணச் செலவு முழுவதும் ஒரே வங்கிக் கணக்கிலிருந்து போகட்டும். கணக்கு எழுதும் வேலையைப் பெற்றோர் வைத்துக்கொள்ள வேண்டாம். சித்தப்பாவோ தாய்மாமனோ, பென்சிலும் கையுமாக இருக்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள்.

4. கல்யாணச் செலவைத் தீர்மானிப்பது ஆள் கணக்குதான். மண்டபத்தின் அளவு, இலை, தாம்பூலப் பை, பத்திரிகை, வேன் எல்லாமே அதன் பின்னால் வருபவை. ஒரு இலை 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 பேர் குறைந்தால் ஒரு வேளைக்கே 50,000 ரூபாய் மிச்சம். முதல் நாள் இரவு, மறுநாள் காலை, மதியம் என்று மூன்று வேளைக்கும் கூட்டிப் பார்த்தால் நகைக்கடையில் மணிக்கணக்காகப் பேரம் பேசிக் குறைப்பதைவிட இது பெரிது.

அழைப்புப் பட்டியலை மூன்று பத்தியாக எழுதுங்கள்: முகூர்த்தத்துக்கு வருபவர்கள், வரவேற்புக்கு மட்டும் வருபவர்கள், இரண்டுக்கும் தங்குபவர்கள். அலுவலக நண்பர்கள் பெரும்பாலும் மாலையில்தான் வருவார்கள்; அவர்களைக் காலை இலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஐந்து வருடமாக ஒரு போன்கூடப் பேசாதவர்களுக்குப் பத்திரிகை வைப்பது அவர்களுக்கும் சங்கடம்.

5. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே தை, வைகாசி, ஆவணி போன்ற மாதங்களின் வளர்பிறை முகூர்த்தங்களுக்கு ஊரே போட்டி போடுகிறது. அன்றைக்கு மண்டபம், மேளம், போட்டோகிராபர், பூ எல்லாமே விலை ஏறும். பஞ்சாங்கத்தில் தேய்பிறையிலும் சுபமுகூர்த்தங்கள் உண்டு. அவற்றில் ஞாயிறு அல்லாத நாளாகப் பார்த்து ஜோசியரிடம் கேளுங்கள். அதே மண்டபத்தை அதே மேலாளர் குறைத்துத் தருவார்.

6. மண்டபத்தின் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மின்சாரம் யூனிட் கணக்கா, ஜெனரேட்டருக்கு மணிக்கு எவ்வளவு, துப்புரவுக் கட்டணம், ஏசி எத்தனை மணி நேரம், அறைகள் எத்தனை, பாத்திரம் உள்ளடக்கமா, கேஸ் யார் பொறுப்பு என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். வாடகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 2 லட்சம் என்று பேசிய மண்டபம் 2,36,000 ஆவது அங்கேதான். வெளியிலிருந்து சமையல்காரரையோ அலங்காரக்காரரையோ கூட்டிவந்தால் தனிக் கட்டணம் கேட்கும் மண்டபங்கள் இருக்கின்றன. அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரிந்தால் அவர்கள் சொல்லும் ஆளையே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

உள்ளே நுழைந்ததும் மின் மீட்டரைப் போட்டோ எடுங்கள். சாவி கொடுக்கும்போதும் எடுங்கள். பாத்திரங்களையும் எண்ணி வாங்கி எண்ணி ஒப்படையுங்கள். முன்வைப்புத் தொகையில் பிடித்தம் செய்யும் பேச்சு இந்த இரண்டில்தான் வரும். தேதி மாறினாலோ நின்றாலோ எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதும் ரசீதில் இருக்க வேண்டும்.

7. பெரிய மண்டபம் இல்லாமலும் நல்ல கல்யாணம் நடத்தலாம். வடபழநி, குன்றத்தூர், திருநீர்மலை, திருப்பரங்குன்றம் போன்ற கோயில்களில் முகூர்த்தத்தை முடித்து, பக்கத்தில் சிறிய கூடத்தில் நூறு பேருக்கு விருந்து வைக்கும் குடும்பங்கள் பெருகிவருகின்றன. கோயில் அலுவலகத்தில் வயதுச் சான்று, முகவரிச் சான்று, இது முதல் திருமணம் என்பதற்கான சான்று கேட்பார்கள். ஒரு மாதம் முன்னதாகவே போய் விசாரித்துவிடுங்கள். மாநகராட்சி, நகராட்சிகளின் சமுதாய நலக்கூடங்கள் தனியார் மண்டபங்களைவிட மிகக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும்.

சடங்குச் செலவே வேண்டாம் என்பவர்களுக்குச் சுயமரியாதைத் திருமணம் இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் அதற்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும்.

8. சாப்பாட்டில் தரத்தைக் குறைக்காதீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போது, பந்தி எழுந்ததும் இலை எடுக்கும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இரண்டாவது இனிப்பு கடித்த குறையாகக் கிடக்கும். வெஜிடபிள் பிரியாணி வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். பாதி வடை, தொடாத கோபி மஞ்சூரியன், கரைந்துபோன ஐஸ்கிரீம். சாம்பாரும் ரசமும் போன வழியில் மட்டும் இலை சுத்தமாக இருக்கும். மக்கள் விரும்பிச் சாப்பிடுவது எது என்று அந்த இலையே சொல்லிவிடுகிறது. ஒரு இனிப்பு, ஒரு பொரியல், ஒரு கூட்டு, அவியல், வடை, அப்பளம், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பாயசம், கெட்டி மோர்: இதை நல்ல அரிசியிலும் நல்ல நெய்யிலும் செய்து சூடாகப் போட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அசைவ விருந்து வைக்கும் வீடுகளும் மட்டன், சிக்கன், மீன் என்று அடுக்காமல் ஒன்றைச் சிறப்பாகச் செய்யலாம்.

சமையல்காரர் முதலில் கேட்பது, "எத்தனை இலைங்க?" அங்கேதான் பலரும் பெருமைக்காக ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். "எழுநூறு போட்டுக்குங்க" என்று வாயில் வந்த எண் மறுநாள் பில்லில் வரும். முழு கான்ட்ராக்ட் என்றால் உத்தரவாத எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லி, அதற்கு மேல் போகும் இலைக்கு என்ன விலை, எத்தனை இலைவரை சமாளிப்பார் என்று பேசிக்கொள்ளுங்கள். வாழை இலையைக் கட்டுக் கட்டாக எண்ணி ஒப்படைத்து, மீந்ததை எண்ணி வாங்கினால் கணக்கில் சண்டை வராது. மேளக்காரர், போட்டோகிராபர், டிரைவர்கள், பரிமாறுபவர்கள் எல்லோரும் சாப்பிடுவார்கள். அவர்களையும் கூட்டிச் சொல்லுங்கள். பரிமாற ஆள் போதுமான அளவு இருந்தால் கேட்டுக் கேட்டுப் போடுவார்கள். ஆள் குறைந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாக இலையில் கொட்டிவிட்டுப் போவார்கள்; வீணாவது அப்போதுதான். மேசை விரிப்புக்குக் காகித ரோல் வாங்குங்கள். பிளாஸ்டிக் விரிப்பும் பிளாஸ்டிக் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை.

9. சமையல் கூலி மட்டும் கொடுத்து, சாமான் நீங்களே வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் செலவு குறையும். ஆனால் உக்கிராணத்துக்கு நம்பகமான ஓர் ஆள் வேண்டும். சமையல்காரர் தரும் லிஸ்டை வரி வரியாக அவரோடு உட்கார்ந்து படியுங்கள். எதற்கு எவ்வளவு என்று கேளுங்கள். முந்திரி, நெய், ஏலக்காய், குங்குமப்பூ ஆகிய நான்கிலும்தான் அளவு தாராளமாக எழுதப்படும். பிரிக்காத அரிசி மூட்டையையும் எண்ணெய் டின்னையும் திரும்ப எடுத்துக்கொள்வதாக மளிகைக்கடைக்காரரிடம் முன்பே பேசி, பில்லிலும் எழுதி வாங்குங்கள். உக்கிராணச் சாவி இருப்பவர் வேறு எந்த வேலையும் ஏற்கக் கூடாது. கேட்கும்போது கேட்கும் அளவை மட்டும் எடுத்துக் கொடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும். ஒரு பெரியம்மாவோ அத்தையோ இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் தேங்காய் ஒன்றுகூடத் தவறாது.

10. மீந்த சாப்பாட்டுக்கு முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள். கோவையில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் வந்து எடுத்துச் சென்று பசித்தவர்களுக்குக் கொடுக்கின்றன. இலையில் வைக்காத, கெடாத உணவாக இருக்க வேண்டும். தயிர் கலந்ததும் தேங்காய் அரைத்ததும் சீக்கிரம் கெடும். அதைச் சொல்லிக் கொடுங்கள்.

11. நகை. விலையைப் பற்றி நம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை; சேதாரத்தில்தான் செய்ய முடியும். ஒரு கடை 18 சதவீதம் சேதாரம் போடுகிறது, இன்னொரு கடை 8 சதவீதம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பவுன் என்றால் 80 கிராம். வித்தியாசம் 8 கிராம், அதாவது முழுசாக ஒரு பவுன். அந்தப் பவுன் பெண்ணின் கழுத்துக்கு வராது. வேலைப்பாடு கூடக் கூடச் சேதாரமும் கூடும். அதனால் தினமும் போடக்கூடிய சாதாரணச் சங்கிலி, வளையல் என்று எடுங்கள். மேடைக்கு வேண்டிய காசுமாலை, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி எல்லாம் கல்யாண செட்டாக வாடகைக்குக் கிடைக்கின்றன. கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டும் விலை போடச் சொல்லுங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி முத்திரை இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் நகையின் விவரம் வரும். கடையில் நின்றபடியே பாருங்கள். 3 சதவீத ஜிஎஸ்டிக்குப் பயந்து பில் இல்லாமல் வாங்காதீர்கள். பின்னால் தரத்தில் குறை தெரிந்தால் கேட்க ஆதாரம் இருக்காது.

நகைச்சீட்டு 11 மாதம்தான் ஓடுகிறது. வருடத்தைத் தாண்டினால் அது சட்டப்படி வைப்புத்தொகை ஆகிவிடும் என்பது காரணம். கட்டும் அன்றைய விலையில் கிராமாக வரவு வைக்கும் சீட்டாகப் பாருங்கள். பணமாக மட்டும் சேர்க்கும் சீட்டு, விலையேற்றத்திலிருந்து உங்களைக் காப்பாற்றாது. கடை மூடிவிட்டால் அந்தப் பணத்துக்கு வங்கி டெபாசிட்போலக் காப்பீடு கிடையாது. ஆகவே ஒரே கடையில் பெரிய தொகையைக் கட்டாதீர்கள். வங்கியில் வாங்கிய தங்கக் காசை வங்கி திரும்ப வாங்காது என்பதும் நினைவிருக்கட்டும். அம்மாவின் பழைய நகை நல்ல நிலையில் இருந்தால் மாற்ற வேண்டாம், மெருகு போட்டாலே போதும். மாற்றும்போது இரண்டாம் முறை சேதாரம் கட்டுகிறோம்.

12. முகூர்த்தப் புடவை ஒன்று நல்லதாக எடுங்கள். மற்றவை மென்பட்டு, கைத்தறி என்று இருக்கட்டும். பின்னாளில் கட்ட முடியும். காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் சில்க் மார்க் சீட்டோடு கிடைக்கும். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக் காலத்தில் 30 சதவீதத் தள்ளுபடி விற்பனை நடப்பது வழக்கம். தையில் கல்யாணம் என்றால் ஐப்பசியிலேயே எடுத்துவிடலாம். ரவிக்கைக்கு ஆரி வேலைப்பாடு செய்யும் கூலியைத் தனியாகக் கேளுங்கள். சில இடங்களில் அது புடவை விலையில் பாதிக்கு வந்துவிடுகிறது. உறவினர் அத்தனை பேருக்கும் ஜவுளி எடுக்கும் வழக்கத்தை இரு வீட்டாரும் பேசி நிறுத்திக்கொண்டால் இருவருக்கும் லாபம்.

13. மேடை அலங்காரம், நாலு மணி நேரக் காட்சி. பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும். அப்போது தலைக்கு மட்டும் மல்லிகை வாங்கிக்கொண்டு, மேடைக்குச் சம்பங்கி, செவ்வந்தி, வாழைக்கன்று, தென்னங்குருத்துத் தோரணம் வையுங்கள். வாசலில் குலை தள்ளிய வாழை கட்டினாலே கல்யாணக் களை வந்துவிடும். போட்டோவுக்கு ஆல்பத்தில் எத்தனை தாள், எத்தனை கேமரா, படங்கள் முழுவதும் ஹார்ட் டிஸ்கில் தருவாரா என்று எழுதி வாங்குங்கள். பத்திரிகையைப் பெரும்பாலானவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பெரியவர்களுக்கு நேரில் போய் வையுங்கள்.

14. சேமிப்பிலிருந்து எடுப்பவர்கள் தேதிகளைக் கவனியுங்கள். செல்வமகள் சேமிப்புக் கணக்கு 21 வருடத்தில்தான் முதிர்வடையும். பெண்ணுக்கு 18 வயது நிறைந்து கல்யாணம் நிச்சயமானால் முன்கூட்டியே முடிக்கலாம். கல்யாணத் தேதிக்கு ஒரு மாதம் முன்பிலிருந்து மூன்று மாதம் பின்புவரை மட்டுமே அதற்கு வழி. ஆகவே இந்தப் பணத்தை நம்பி ஆறு மாதம் முன்பே நகை வாங்கத் திட்டமிடாதீர்கள். பி.எஃப். கணக்கிலிருந்தும் திருமணத்துக்கு முன்பணம் எடுக்கலாம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அது முதுமைக்கான பணம். மகனோ மகளோ பின்னால் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்து முழுவதையும் வழித்து எடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

15. கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். 14 சதவீத வட்டியில் 5 லட்சம் தனிநபர் கடன், ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 11,600 ரூபாய். கட்டி முடிக்கும்போது 7 லட்சத்தை நெருங்கியிருக்கும். வீட்டில் சும்மா இருக்கும் நகையை வங்கியில் அடகு வைத்தால் பொதுவாக வட்டி குறைவு. சீட்டு எடுப்பவர்கள் பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தில் மட்டும் சேருங்கள். கந்துவட்டி பக்கம் போகவே கூடாது. அந்த நிலை வந்தால் கல்யாணத்தைச் சுருக்குங்கள். கோயிலில் தாலி கட்டி வீட்டில் விருந்து போட்ட கல்யாணங்கள் எதிலும் குறைந்தவை அல்ல.

16. மொய்ப் பணத்தை வரவில் எழுதி வைத்துக்கொண்டு செலவைக் கூட்டாதீர்கள். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடத்தி, நோட்டுப் போட்டு எழுதி, கூடுதலாகத் திருப்பிச் செய்யும் முறையே இருக்கிறது. எந்த ஊரானாலும் மொய் நோட்டை அன்றிரவே சரிபார்த்து, ஊர், பெயர், தொகையோடு பத்திரப்படுத்துங்கள். சமையல்காரர் பாக்கியை மொய்யில் தருகிறேன் என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

17. அரசு உதவியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஏழை விதவையரின் மகள்கள், பெற்றோர் இல்லாத பெண்கள், கலப்பு மணம் செய்பவர்கள், மறுமணம் செய்யும் விதவைப் பெண்கள் ஆகியோருக்குச் சமூக நலத் துறையில் தனித்தனித் திட்டங்கள் உள்ளன. தாலிக்குத் தங்கமும் ரொக்க உதவியும் தருகிறார்கள். சிலவற்றுக்குக் கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் 2022-ல் கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறிவிட்டது. அதை நம்பி அலைய வேண்டாம். இந்து சமய அறநிலையத் துறை ஏழை ஜோடிகளுக்கு 4 கிராம் தாலியும் சீர்வரிசையும் தந்து கோயில்களில் திருமணம் நடத்திவைக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய உறுப்பினர்கள் தங்கள் வாரிய உதவித்தொகையை மறக்காதீர்கள்.

18. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2017 முதல் வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். மண்டபத்துக்கும் கேட்டரிங்குக்கும் வங்கி வழியாகக் கொடுங்கள். உங்களுக்கும் ஆதாரம் இருக்கும். மணமக்களுக்கு வரும் கல்யாணப் பரிசுக்கு வரி கிடையாது. பெற்றோர் பெயரில் வரும் தொகைக்கு இந்தச் சலுகை இல்லை. பெரிய பரிசுகளை மணமக்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

19. கல்யாணம் முடிந்த வாரத்திலேயே பாக்கிகளைத் தீர்த்து ரசீது வாங்குங்கள். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். 2009-ஆம் வருடச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லா மதத்தினருக்கும் இது கட்டாயம், 90 நாட்களுக்குள் செய்ய வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, சாட்சிகளோடு கல்யாணப் பத்திரிகையையும் கேட்பார்கள். எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பியிருந்தாலும் அதற்காகக் கொஞ்சம் அச்சிட்ட பத்திரிகைகளை எடுத்து வைத்திருங்கள்.